சத்தமில்லாமல் சேர்க்கவும்

மனைவியை ஏமாற்றியே தீருவது என்று லூபென் காரஜோவ் முடிவு கட்டியது மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, ஆஸ்பத்திரி மாடிப்படியில். ஐம்பத்தொன்பது வயதில் செய்கிற சபதமா இது? செய்துவிட்டார்.

இந்தத் துறையில் அவருடைய பழைய சாதனைகளைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். ஏமாற்றப் பார்த்தது எப்படியும் ஒரு நானூறு தடவை. ஜெயித்தது பூஜ்யம். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்றார். எந்தப் பூந்தொட்டியில் துண்டைப் புதைத்தார் என்று அவள் சொன்னாள். மரீட்சா ஆற்றில் நானே பிடித்தேன் என்று ஒரு கெண்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஆத்துலேயே செதில் எடுத்து வயித்தைக் கிழிச்சு வச்சிருந்தாங்களாக்கும்?" என்று கேட்டுவிட்டு அடுப்பில் போட்டாள். நெவெனா முப்பது வருஷம் மருந்துக் கடையில் நின்றவள். டாக்டர்கள் கையெழுத்தையே படித்தவளுக்குப் புருஷன் மூஞ்சி என்ன பிரமாதம்!

ஆனால் இந்தத் தடவை விளையாட்டில்லை. பல்கேரியாவில், எங்கள் ப்ளோவ்டிவ் நகரத்தில், பழைய காலத்து டாக்டர்கள் கெட்ட செய்தியை நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள். கூட வந்த ஆளைத் தனியாகக் கூப்பிட்டு அவன் தலையில் இறக்கிவிடுவார்கள். அடுத்த அறையில் நெவெனா சட்டைக் கையை மடித்து சோதனைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, இங்கே டாக்டர் லூபென் தலையில் இறக்கிவிட்டார்.

"மறதி நோய்தான். ஆரம்பம். மெதுவாத்தான் போகும், ஆனா திரும்பி வராது. அவங்ககிட்ட எப்போ சொல்றது, எப்படிச் சொல்றதுன்னு நீங்க பாத்துக்கோங்க."

என்னத்தைப் பார்த்துக்கொள்வது? நெவெனாவின் அம்மா இப்படித்தான் போனாள். ஏழு வருஷம். கடைசியில் நெவெனாவைப் பார்த்து, "பொண்ணே, உனக்கு அம்மா இருக்காளா?" என்று கேட்டாள். அன்றைக்கு நெவெனா சமையலறைக்கு வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு நல்லது, லூபென். அவளுக்குத் தனக்கு என்ன ஆச்சுன்னே தெரியாது. அந்த நிம்மதியாவது இருக்கு" என்று சொன்னாள். அது லூபெனுக்கு ஞாபகம் இருந்தது. அந்த நிம்மதியைத் தன் பெண்டாட்டிக்கும் வாங்கிக் கொடுத்துவிடுவது என்று மாடிப்படியில் தீர்மானித்துக்கொண்டார்.

அவள் வெளியே வந்தாள்.

"என்ன சொன்னார்?"

"பி-பன்னிரண்டு."

"பி-பன்னிரண்டுக்கு என்ன?"

"வைட்டமின். உனக்குக் கம்மியா இருக்காம். அதான் மறதி மறதியா வருதாம்."

"அதைச் சொல்லவா இருபது நிமிஷம்?"

"வெவரமா சொன்னார்."

"ஓஹோ." அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. சரி, இறங்கு. ஏன் கை இப்படி நடுங்குது?"

"படி செங்குத்தா இருக்கு."

"புடிச்சுக்கோ. உனக்கும் பி-பன்னிரண்டு கம்மியோ என்னமோ."

நானூற்றொன்றாவது தடவை ஜெயித்துவிட்டோம் என்று லூபென் நினைத்தார்.

லூபெனின் தொழிலைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு கதை புரியாது. ஒரு காலத்தில் துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்தார். 'மூடியைத் திறக்கும் முன் தண்ணீர் வடிந்துவிட்டதா என்று பார்க்கவும்' என்று நாடு முழுக்க எழுதியிருக்கிறதே, அது இவர் கைங்கரியம். இப்போது ஒரு சின்னக் கம்பெனியில், தன் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளைகளோடு உட்கார்ந்து, செயற்கை அறிவுக்குக் கையேடு எழுதுகிறார். அவர்கள் செய்வது வீட்டுக் குறிப்புகளைப் பார்த்துக்கொள்கிற உதவியாள். 'வினிகர் வாங்கணும்' என்று வாயால் சொன்னால் எழுதிக்கொள்ளும். 'நேத்து என்ன சொன்னேன்?' என்றால் தேடிக் கொடுக்கும். எழுதுவதற்கு ஒரு கருவி, தேடுவதற்கு ஒரு கருவி, திருத்துவதற்கு ஒரு கருவி என்று அதன் பையில் வரிசையாக இருக்கும். எந்தக் கருவி எதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் எழுதி ஒட்ட வேண்டும். அந்த விளக்கத்தைப் படித்துத்தான் அது எதைக் கையில் எடுப்பது என்று முடிவு செய்யும். ஒட்டுகிற வேலை லூபெனுடையது.

"அண்ணே," என்பாள் மேலாளர் ரலிட்சா, வயது இருபத்தாறு, "அதுக்குக் கண்ணும் கிடையாது, வாழ்ந்த அனுபவமும் கிடையாது. நீங்க எழுதற நாலு வரிதான் அதுக்கு உலகம். தெளிவா எழுதுங்கண்ணே."

"தெளிவாத்தானேம்மா எழுதறேன்?"

"போன வாரம் ஒரு பாட்டி 'பூனைக்கு ஊசி போட்டாச்சு'ன்னு சொன்னாங்க. அது பூனையையே பட்டியல்லேருந்து அழிச்சிடுச்சு."

"போட்டாச்சுன்னா முடிஞ்சுதுன்னுதானே அர்த்தம்?"

"ஊசி முடிஞ்சுது. பூனை முடியலைண்ணே!"

இந்த உதவியாளைத்தான் லூபென் தன் சதிக்குக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். ஒரு பலகைக் கணினியில் ஏற்றிக்கொண்டு வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். கம்பெனிக்குச் சோதனை செய்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று நெவெனாவிடம் சொன்னார். அவள் அதற்கு ஃபிரிட்ஜ்காரன் என்று பேர் வைத்தாள். அரை மணியில் அதைத் தன் தம்பி மாதிரி அதட்ட ஆரம்பித்தாள்.

கம்பெனிக் கருவிகள் ஐந்து. லூபென் தானே இரண்டு சேர்த்தார். ஒன்று ரகசிய நோட்டு: 'லூபென் சொல்வதை இதில் எழுதவும். நெவெனாவுக்குக் காட்டக் கூடாது.' அவள் எதையெதை மறக்கிறாள் என்று டாக்டருக்குச் சொல்வதற்காக. இன்னொன்றுக்கு 'சத்தமில்லாமல் சேர்' என்று பேர். 'ஒரே விஷயம் இரண்டாம் முறை எழுதப்பட்டால், சத்தமில்லாமல் ஒன்றாகச் சேர்க்கவும். யாரிடமும் சொல்ல வேண்டாம்.'

எதற்கு இது? அலமாரியில் அந்த மாதம் ஒன்பது வினிகர் பாட்டில் இருந்தது. காலையில் வினிகர் என்று எழுதுவாள், மத்தியானம் எழுதுவாள், சாயங்காலம் எழுதுவாள். இப்போது மூன்றும் ஒன்றாகிவிடும். பட்டியலில் ஒரே ஒரு வினிகர் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். தான் மூன்று தடவை எழுதினோம் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. தன் சாமர்த்தியத்தை நினைத்து லூபென் ஒரு கோப்பை ராக்கியாச் சாராயம் ஊற்றிக் குடித்தார். குடித்துவிட்டு ஃபிரிட்ஜ் முன்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதார்.

முதல் அடி பத்து நாளில் விழுந்தது. பல்கேரிய மொழியில் 'இஸ்வாதி' என்று ஒரு சொல் உண்டு. அசல் நம்முடைய 'எடு'தான். பெட்டியிலிருந்து சட்டையை எடு என்றாலும் இஸ்வாதி, பல்லை எடு என்றாலும் இஸ்வாதி. கம்பெனியின் ஐந்தில் மூன்றாவது கருவிக்கு லூபென் இரண்டே வார்த்தையில் விளக்கம் எழுதியிருந்தார்: 'குறிப்பை எடுக்கும்.' சுருக்கம்தான் அழகு என்று அவருக்கு ஓர் எண்ணம்.

ஒரு வாரமாக நெவெனா அதனிடம் தன் அம்மாவின் லூதெனித்சா பக்குவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுட்ட சிவப்புக் குடைமிளகாயும் தக்காளியும் போட்டுக் கிண்டுகிற விழுது அது. வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு, ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்ல மாட்டாள். எவ்வளவு மிளகாய், எப்போது உப்பு, எந்தப் பதத்தில் இறக்குவது, எல்லாம் சொன்னாள். "எதுக்கு இப்ப திடீர்னு?" என்று லூபென் கேட்டதற்கு, "சும்மாதான். பி-பன்னிரண்டு மாத்திரை வேலை செய்யுதான்னு பாக்கறேன்" என்றாள். பிறகு ஒரு சனிக்கிழமை காலை, ஃபிரிட்ஜ்காரனைப் பார்த்து, "தம்பி, அம்மாவோட லூதெனித்சா குறிப்பை எடு" என்றாள்.

எடுத்துவிட்டது.

"எடுத்தாச்சு" என்றது.

"எங்கே?"

"எடுத்தாச்சு."

"அடேய், எடுத்து எங்கேடா வச்சே? லூபென்! இங்க வா! உன் ஆள் என்ன பண்ணிட்டான் பாரு!"

லூபென் ஓடி வந்தார். திரையைத் தட்டினார், தடவினார், கெஞ்சினார். எடுத்தது எடுத்ததுதான். அழித்ததைத் திரும்பக் கொண்டுவருகிற கருவியை எழுதச் சொல்லி ரலிட்சா மூன்று மாதமாக அவரைத்தான் விரட்டிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்ல, நெவெனா. இன்னொரு தடவை சொல்லு, கையாலேயே எழுதிக்கறேன். சொல்லு."

"மிளகாய் பத்து கிலோ."

"பத்து கிலோ."

"சுட்டு, தோல் உரிச்சு... தக்காளி..."

"தக்காளி?"

"தக்காளி..." நெவெனா கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தில் யாரோ கம்பளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. லூபென் பேனாவைத் தாளில் வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டார். அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை. முப்பது வருஷம் அவள் கை தானாகச் செய்த கணக்கு. அவருடைய இரண்டு வார்த்தையால் போயிற்று.

"தக்காளி எவ்வளவு கிடைக்குதோ அவ்வளவு" என்றாள் கடைசியில், சாதாரணமாக. "விடு. கடையில விக்கறான், வாங்கிக்கலாம். என்னதான் எழுதி வச்சிருக்கே நீ? காட்டு."

"அதெல்லாம் தொழில் சமாச்சாரம்..."

"காட்டுன்னேன்."

லூபென் விளக்கங்கள் இருந்த பக்கத்தைத் திறந்தார். ஏழும் அங்கேதான் இருந்தன. ஆறாவதையும் ஏழாவதையும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மூன்றாவதைக் காட்டினார்.

"'குறிப்பை எடுக்கும்.' எடுக்கும்னா? எடுத்துக் குடுக்குமா, எடுத்துக் கடாசுமா?"

"அது... ரெண்டும்..."

"ரெண்டும்! ஒரே பாட்டில்ல தூக்க மாத்திரையும் பேதி மாத்திரையும் போட்டு விப்பியா நீ? மருந்துப் பெட்டிக்குள்ள மடிச்சு ஒரு தாள் வப்பாங்களே, பாத்திருக்கியா? எதுக்கு, எப்போ, எப்போ கூடாது, எதோட சேத்துக் குழப்பிக்கக் கூடாது. நாலே வரி. வாங்கறவன் முட்டாளா இருந்தாலும் உயிரோட இருப்பான். அந்த மாதிரி எழுது. பாவம், அது என்ன பண்ணும்? நீ சொன்னதைத்தானே செஞ்சுது?"

"சரிம்மா."

"கட்டைவிரலை எடு. இல்ல, எடுக்காதே, அதுவும் காணாமப் போயிடப் போகுது."

திங்கட்கிழமை அந்த நாலு வரி முறையைக் கம்பெனியில் சொன்னார். ரலிட்சா எழுந்து நின்று கைதட்டினாள். "அண்ணே, இது எப்படித் தோணிச்சு உங்களுக்கு?" "சும்மா, யோசிச்சேன்" என்றார் லூபென். மூன்றாவது கருவியை இரண்டாகப் பிரித்து, 'காட்டு' என்று ஒன்றும் 'அழி' என்று ஒன்றும் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. கம்பெனியில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் எழுதினார். வீட்டிலும் பழையவற்றைத் திருத்தினார். தன்னுடைய சொந்த இரண்டை மட்டும் தொடவில்லை. நம்முடையதுதானே, நமக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டார்.

ஏப்ரல் வந்தது. குருத்தோலை ஞாயிறும் வந்தது. பூப்பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் அன்றுதான் பெயர் நாள். நெவெனா என்றாலும் பூதான். பிறந்த நாளை எங்கள் ஊரில் ஒருத்தர் மறந்தாலும் மறக்கலாம், பெயர் நாளை மறக்க முடியாது. ஏனென்றால் பெயர் நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. அழைத்தால் கேவலம். வருகிறவர்கள் தாங்களாக வருவார்கள். கதவைத் திறந்து வைத்து, மேஜையை நிறைத்து வைத்துக் காத்திருக்க வேண்டும். வருஷா வருஷம் அந்த வாரம் புதன்கிழமையே நெவெனா மாவு பிசைய ஆரம்பித்துவிடுவாள்.

இந்த வருஷம் புதன் போயிற்று. வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை அவள் ஜன்னல் திரையைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். மறந்துவிட்டாள் என்று லூபெனுக்குப் புரிந்தது. ஃபிரிட்ஜ்காரனுக்கும் தெரியாது, யாரையும் அழைக்காத விருந்துக்குக் குறிப்பு ஏது? சொல்லாமல் விட்டால், ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் பூங்கொத்தோடு வாசலில் நிற்பார்கள், இவள் அழுக்கு மேலங்கியோடு கதவைத் திறப்பாள். சொன்னால், தன் பெயர் நாளையே தான் மறந்தது அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு யோசனை பண்ணினார். அவள் குளிக்கப் போன நேரத்தில், அவளே எழுதியது போல ஒரு குறிப்பை உள்ளே சொருகினார். சனிக்கிழமை காலை அவள் ஃபிரிட்ஜ் முன்னால் நின்று உரக்கப் படித்தாள்.

"'ஞாயிற்றுக்கிழமை எனது பெயர் நாள். மறவாமல் மாவு, முட்டை, வெண்பாலாடைக்கட்டி மற்றும் மீன் ஆகியவற்றை வாங்கிக்கொள்ள வேண்டும்.' லூபென், இதை நானா எழுதினேன்?"

"நீதான். வேற யாரு?"

"'மறவாமல்'னு எழுதியிருக்கேன்."

"எழுதுவே."

"'ஆகியவற்றை'ன்னு எழுதியிருக்கேன்."

"அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. பி-பன்னிரண்டு உள்ள போனா எழுத்து நடை நல்லா வரும்போல." பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "மீன் வாங்கிட்டு வா. ஆத்துல புடிக்காதே, நேரம் இல்ல."

நானூற்றிரண்டாவது வெற்றி! லூபென் மீன் கடைக்கு விசிலடித்துக்கொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை வாசல் கதவில், குருத்தோலைக்குப் பதிலாக எங்கள் ஊர் வழக்கப்படி, வில்லோ மரக் கிளை செருகி வைத்தார்கள். பத்து மணியிலிருந்து ஆட்கள். பூ, சாக்லேட் பெட்டி, முத்தம், ராக்கியா. நெவெனா நீல உடுப்பில் எல்லோருக்கும் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் பேரை எல்லாம் லூபென் கதவிலேயே கத்தி வரவேற்றார். "அடடே, மாமா மகன் க்ராசிமிர் வந்தாச்சு! மருந்துக் கடை பழைய முதலாளி திருமதி வாசிலேவா வந்தாச்சு!" ராஜசபையில் நிற்கிற கட்டியக்காரன் தோற்றான். கீழ் வீட்டு டோச்கா, "லூபென், எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, எதுக்கு இப்படி அலர்றே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். அவள் பேரைக் கத்த மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. டோச்கா இருபது வருஷமாகத் தினம் வருகிறவள். அவளை யார் மறப்பார்கள்?

சமையலறையில் மீனைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது நெவெனா வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"லூபென்."

"என்னம்மா?"

"அந்தப் பச்சைச் சட்டைக்காரி யாரு? என் கையைப் புடிச்சுட்டு விடவே மாட்டேங்கறா."

லூபென் மீனைப் பார்த்துக்கொண்டே, "யாரு, டோச்காவா?" என்றார். "நம்ம கீழ் வீட்டு டோச்கா தலைமுடிக்குச் சாயம் அடிச்சிருக்கா, பாத்தியா? எனக்கே அடையாளம் தெரியல!"

"ஆமா, சாயம்" என்றாள் நெவெனா. "அதான்." எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

டோச்கா தன் ஆயுளில் தலைக்குச் சாயம் அடித்தது கிடையாது. லூபென் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கீழே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு சீக்கிரமா என்று அழுதார். இன்னும் ஒரு வருஷமாவது விட்டுவைக்கக் கூடாதா என்று யாரையோ கேட்டார். ஒருநாள் தன்னையும் இப்படிச் சமையலறையில் வேறு யாரிடமோ விசாரிப்பாளே, அப்போது பக்கத்தில் நின்று பதில் சொல்ல யார் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். உள்ளே வந்தவரைப் பார்த்து, "கண் ஏன் சிவந்திருக்கு?" என்று க்ராசிமிர் கேட்டான். மீன் புகை என்றார்.

நாலு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். இரவல் வாங்கிய நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க டோச்காவோடு நெவெனா கீழே இறங்கினாள். லூபென் ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ரகசிய நோட்டுல எழுது. இன்னிக்கு டோச்காவை அவளுக்கு அடையாளம் தெரியல."

"எழுதியாச்சு" என்றது.

ஆனால் அவர் சொன்னது ஒரு வரி. திரையில் வந்தது ஒரு பக்கம்.

'ஏப்ரல் 13. பச்சைச் சட்டை = டோச்கா. கீழ் வீடு. லூ.விடம் கேட்டேன், முகம் வெளுத்துவிட்டது. இனி லூ.விடம் கேட்கக் கூடாது. ஃபிரிட்ஜ்காரனிடம் கேட்கவும். சாயம் என்கிறார். பாவம்.

ஏப்ரல் 12. பெயர் நாள் குறிப்பு லூ. எழுதியது. மாவு 2 கி., முட்டை 10.

மார்ச் 11-இல் நடந்தது, மறப்பதற்குள் எழுதுகிறேன். டாக்டர் அவரிடம் சொல்லிவிட்டார். பி-12 என்கிறார். பி-12 ஜனவரியிலேயே சோதித்தாயிற்று, சரியாக இருக்கிறது. எனக்கு அப்போதே தெரியும். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்து நான் நிம்மதியாக இருந்தேன். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். எனக்காகச் சும்மா இருந்திருக்கிறாள். நானும் இருந்துகொள்கிறேன்.'

லூபெனுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவளும் ஒரு ரகசிய நோட்டு வைத்திருக்கிறாள். இன்றைக்கு இரண்டிலும் ஒரே விஷயம், டோச்கா; அது இரண்டு நோட்டையுமே ஒன்றாக்கிவிட்டது. ஒரே விஷயம் இரண்டாம் முறை எழுதப்பட்டால் சத்தமில்லாமல் ஒன்றாகச் சேர்க்கவும் என்று அவர்தானே எழுதினார்? யார் எழுதியது யாருடையதோடு சேரக் கூடாது என்று ஒரு வார்த்தை எழுதினாரா? பாவம், அது என்ன பண்ணும்?

விளக்கங்கள் இருந்த பக்கத்தைத் திறந்தார். பழைய ஐந்து, எடுவைப் பிரித்ததில் ஆறு. அவருடைய இரண்டு. எட்டு இருக்க வேண்டும்.

பத்து இருந்தது.

ஒன்பதாவது நெவெனாவின் ரகசிய நோட்டு. லூபெனுக்குக் காட்டக் கூடாது என்று தெளிவாக நாலு வரி. அன்றைக்கு அவர் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியபோதே வித்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பத்தாவது கருவியின் பெயர் 'லூபென்'.

'எதற்கு: காபி போடுவதற்கு. கதவைத் திறப்பதற்கு. பேர் மறந்துபோனால் பக்கத்தில் நின்று சொல்வதற்கு. தற்செயலாகச் சொல்வது போல நடிப்பார். நடிப்பு வராது, கண்டுகொள்ள வேண்டாம்.

எப்போது: எப்போது வேண்டுமானாலும். நெவெனாவுக்குப் பயமாக இருந்தால் உடனே. அவர் எந்த வேலையில் இருந்தாலும் வருவார்.

எப்போது கூடாது: உப்பு போட. மீன் வாங்க. பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கும்போது கூப்பிடக் கூடாது, தானாக வரட்டும்.

எதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது: ஒருநாள் நெவெனா இவரைக் காட்டி, யார் இந்த ஆள் என்று உன்னிடம் கேட்பாள். புருஷன் என்று எடுத்த எடுப்பில் சொல்லாதே, நம்ப மாட்டாள், பயப்படுவாள். நல்ல மனுஷன், இந்த வீட்டில்தான் இருக்கிறார், கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று சொல். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.'

லூபென் ஃபிரிட்ஜ் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். அழுதார். பால்கனியில் அழுதது ஒன்றுமில்லை என்று சொல்லும்படி அழுதார். முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த ஒரே ஒரு தடவையாவது அவளை ஏமாற்றியிருக்கக் கூடாதா என்று விம்மினார். வாய்விட்டு அவள் பேரைச் சொன்னார். கீழே எங்கேயோ நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தமும் நெவெனாவின் சிரிப்பும் கேட்டன.

அப்போது ஃபிரிட்ஜ்காரன் மணியடித்தான்.

"லூபென், குப்பை நிரம்பிவிட்டது. கொண்டுபோய்க் கொட்டவும்."

இந்த நேரத்தில் என்ன குப்பை? எந்தக் கருவி, எங்கே தப்பு என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே பக்கத்தை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினார். பத்தாவது விளக்கத்துக்கு ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது.

'இதை அவரே படித்துவிட்டால்: இரண்டு நிமிடம் அழ விடவும். அதற்கு மேல் போனால் மூக்கு அடைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் குறட்டை விடுவார். குப்பை கொட்ட அனுப்பவும்.'